அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே

"இந்தப் பலகையில மில்லிமீட்டர்னு ஒரு எழுத்து விழுந்தா, அது என் கையால விழுந்ததா இருக்காது. எழுதி வச்சுக்குங்க. என்னைப் புதைக்கிற குழியும் ஆறு அடிதான். மீட்டர்ல தோண்டினீங்கன்னா எந்திரிச்சு வந்து அதை மூடிட்டு, பக்கத்துல நானே சரியா ஒண்ணு தோண்டிக்குவேன்."

எர்வின் நிட்ஷ்கே இந்தப் பிரகடனத்தைத் தன் கொட்டகை வாசலில் நின்று, கையில் முக்கால் அங்குல ஸ்பேனரோடு, நாலு பேரும் ஒரு நாயும் கேட்க வெளியிட்டார். நாய் அவருடையது, ஆகவே அதன் ஆதரவு உறுதி. மற்ற நாலு பேர் தங்கள் கருத்தைத் தெரிவிக்காமல் பீர் குடித்தார்கள்.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே ஆஸ்திரேலிய அரசாங்கம் நாட்டையே மீட்டருக்கு மாற்றி முடித்திருந்தது. சாலைப் பலகைகளில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. தராசுகளில் பவுண்டு போய்க் கிலோ வந்தது. கோதுமையும் பார்லியும் ஆடும் தவிர வேறொன்றும் அதிகம் இல்லாத எங்கள் பெரிங்காவிலும் வந்தது. எர்வின் இருக்கிறார் என்ற விஷயம் தலைநகரத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள் என்று அவர் நம்பினார்.

அவர் எதையும் கண்மூடித்தனமாக எதிர்க்கிறவர் அல்ல. பவுண்டு, ஷில்லிங் போய் டாலர் வந்தபோது ஏற்றுக்கொண்டார். பத்து ஷில்லிங்குக்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே என்று மன்னித்துவிட்டார். ஆனால் அங்குலத்தில் கை வைத்ததை மன்னிக்கவில்லை. வெயில் நாற்பத்து மூன்று என்று வானொலி சொன்னால், "குளிருதுன்னு சொல்றான் பாரு" என்று ஸ்வெட்டரைத் தேடுவார். அவருக்கு அது ஃபாரன்ஹீட்டில் நூற்றுப் பத்து. வெட்கமில்லாமல் ஜெர்மன் பெயரை வைத்துக்கொண்டு ஆங்கிலேயனின் அங்குலத்துக்குக் காவல் நிற்கிறாரே என்று கேட்டவர்களுக்கும் பதில் தயாராக இருந்தது. "என் கொள்ளுத்தாத்தா எதுக்குக் கப்பல் ஏறினாருன்னு நினைக்கிற? மீட்டர் அந்தப் பக்கம் வர்றது அவருக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு." கொள்ளுத்தாத்தா பைபிளுக்காகக் கப்பல் ஏறியதாகத்தான் சர்ச்சில் சொல்கிறார்கள்.

இனி அந்தப் பலகை. கொட்டகையின் பின்சுவர் முழுக்க அடைத்த வெள்ளைப் பலகை அது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஓர் ஆணி. ஆணியில் தொங்கும் ஆயுதத்தைச் சுற்றி, கொலை நடந்த இடத்தில் போலீஸ்காரர் கோடு போடுவதுபோல, சிவப்புப் பெயின்டில் அதன் உருவம். கீழே அளவு. யாராவது ஸ்பேனரைக் கடன் வாங்கிக்கொண்டு போனால் சிவப்புக் கோட்டுக்குள் வெறும் வெள்ளை தெரியும். எர்வின் அதை நினைத்தபடியே சாப்பாட்டு மேஜையில் பெருமூச்சு விடுவார். எழுத்தெல்லாம் அவருடையதே. ஒன்று என்ற எண்ணுக்கு அவர் ஒரு குல்லாய் வைப்பார். இரண்டின் வால் பூனை வால் மாதிரிச் சுருண்டு மேலே ஏறும். அந்தக் குல்லாயையும் வாலையும் வைத்து ஊரில் யாரும் அவர் கையெழுத்தைச் சொல்லிவிடுவார்கள்.

அங்குலத்தின் பெருமையைப் பேசும்போது அவர் ஒரு சிறு உண்மையை வேகமாகத் தாண்டிப் போவார். அந்தப் பலகையிலேயே இரண்டு அங்குலங்கள் இருந்தன. இடது பக்கம் ஆங்கிலேய அங்குலம். அங்கே அரை என்றால் போல்ட்டின் தண்டு அரை அங்குலம், ஸ்பேனரின் வாய் அதைவிட ரொம்பப் பெரிது. வலது பக்கம் அமெரிக்க அங்குலம். அங்கே அரை என்றால் வாயே அரை. இந்த அரையைக் கொண்டுபோய் அந்த அரையில் மாட்ட முடியாது. ஒரே குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன் தம்பிகள். "அது வந்து, வளம்யா" என்பார் எர்வின். "மில்லிமீட்டர்ல இந்த வளம் கிடையாது. பத்துன்னா பத்துதான். அதுல என்ன சுவாரஸ்யம் இருக்கு?"

அவர் மனைவி டல்சி இதையெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் எங்களிடம் சொன்னார்: "பத்து வருஷமா நான் கேக்குக்கு மாவை கிராம்லதான் நிறுக்கிறேன். இதுவரைக்கும் அவருக்கு வயித்த வலிக்கல. சொல்லிடாதீங்க, நாளைக்கே வலிக்கும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் எர்வினுக்கு வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பிள்ளைகள் அடிலெய்டில். அவரிடம் மிச்சமிருந்த பதவி ஒன்றே ஒன்று: பெரிங்கா தீயணைப்புக் குழுவின் வண்டிச் சாவி. அதை ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். ஞாயிறன்று சர்ச்சில் டைக்கு உள்ளே அது மணி மாதிரிப் புடைத்துத் தெரியும். திங்கட்கிழமை காலைதோறும் வண்டியை மைதானத்துக்கு ஓட்டிப்போய், பம்பை இயக்கி, கால்பந்துக் கம்பங்களைக் குளிப்பாட்டிவிட்டு வருவார். மழையே காணாத எங்கள் ஊரில் வாராவாரம் குளித்தவை அந்தக் கம்பங்கள் மட்டுமே. அந்தச் சாவி போய்விட்டால் திங்கட்கிழமை காலையில் எர்வின் எழுந்திருக்கக் காரணமில்லை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த வருஷம் பழைய பம்ப் உயிரை விட்டது. மேலிடத்திலிருந்து புதிதாக ஒரு ஜப்பான் பம்ப் வந்தது. கூடவே பச்சைத் துணியில் சுருட்டிய ஸ்பேனர் கட்டு ஒன்று. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒன்று, எட்டிலிருந்து பத்தொன்பது வரை, எல்லாம் மில்லிமீட்டர். எர்வின் அந்தக் கட்டைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய், குழுவின் கேப்டன் காலின் ட்ரெலோர் வீட்டு வராந்தாவில் வைத்துவிட்டு வந்தார்.

காலின் மறுநாள் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். எர்வின் மறுபடி கொண்டுபோனார். ஒரு வாரம் அந்தக் கட்டு ஊரைச் சுற்றியது. கடைசியில் காலின் கொட்டகைக்கே வந்தார்.

"யோவ் எர்வ், பம்ப் ஜப்பான்காரன் செஞ்சது. அவன் மில்லிமீட்டர்ல செஞ்சிருக்கான். நீ அவன்கிட்டப் போயி அங்குலத்துல பேசினா அவன் எப்படிய்யா பதில் சொல்லுவான்?"

"சத்தமா பேசினா புரிஞ்சுக்குவான்."

"சாவி வச்சிருக்கிறவன் இந்தக் கட்டையும் வச்சிருக்கணும். இல்லேன்னா சாவியைக் குடு. விளையாட்டில்ல."

எர்வின் சாவியைச் சட்டைக்கு மேலேயே பிடித்துக்கொண்டார். "என் அங்குலத்தால அந்தப் பம்பை நான் கழட்டி மாட்டிக் காட்டுறேன். அடுத்த சனிக்கிழமை, வருஷக் கூட்டத்துல, எல்லாரும் பார்க்க. பக்க மூடியில ஆறு போல்ட். நீ உன் பொம்மைகளை வச்சுக் கழட்டு, நான் என்னுதை வச்சுக் கழட்டுறேன். மில்லிமீட்டர் வேணும்னு என் வாயால கேட்டேன்னா சாவி உனக்கு."

"நீயா சொன்னது."

"நானேதான் சொன்னது. நாயும் கேட்டுக்கிட்டிருக்கு."

விவகாரம் என்னவென்றால், அந்த ஆறு போல்ட்டின் தலையும் பன்னிரண்டு மில்லிமீட்டர். அங்குலத்தில் அதற்கு உறவுக்காரன் கிடையாது. அரை அங்குல ஸ்பேனர் மாட்டினால் லொடலொடவென்று ஆடும். அதற்கு அடுத்த சின்னதின் வாயில் போல்ட் நுழையவே நுழையாது. பத்தொன்பது என்றால் எர்வின் தப்பித்திருப்பார். அது மாறுவேஷம் போட்ட முக்கால் அங்குலம் என்று எப்போதோ கண்டுபிடித்திருந்தார். பன்னிரண்டுக்கு மாறுவேஷம் எதுவும் இல்லை. ஒரு வாரம் கொட்டகையில் யோசித்துவிட்டு அவர் ஒரு வழி கண்டார். இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை ஒரு விரற்கடை நீளத்துக்கு ஒடித்து, அரை அங்குல வாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவில் செருகினால் கச்சிதமாகப் பிடித்தது. நாலைந்து துண்டு ஒடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டல்சி அந்தச் சட்டையைத் துவைக்கும்போது சொன்ன வார்த்தைகள் அச்சுக்கு ஏற்றவை அல்ல.

சனிக்கிழமை வந்தது, மைதானத்தில் கூட்டம். வடக்கிலிருந்து அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரிக் காற்று. வெளியே அடுப்பு மூட்டக்கூடாது என்று வானொலியில் தடை. அதனால் ஆட்டுச் சாப்ஸை டல்சி வீட்டிலேயே வாட்டி எடுத்துவந்தார். பெரில் பாஸ்கோ ஒரு தட்டு நிறைய லாமிங்டன் கேக் கொண்டுவந்தார். பெரில் கணவரை இழந்த பிறகு தனியாகவே ஆயிரம் ஏக்கரைக் கட்டி ஆள்கிற பெண்மணி. அவரது பார்லி அப்போது அறுவடையில் இருந்தது, ஓர் ஆளை இயந்திரத்தில் உட்காரவைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தார்.

ஊருக்கு இருப்பது ஒரே தீயணைப்பு வண்டி. அதை வருஷத்திலேயே தீப்பிடிக்க மிகவும் தோதான ஒரு நாளில், கழற்றிப்போட்டுப் பந்தயம் விடுவதென்று முடிவெடுத்தது தீயணைப்புக் குழுவேதான். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் குழு கூடிக் கண்டனத் தீர்மானம் போட்டிருக்கும்.

முதலில் காலின். பச்சைக் கட்டிலிருந்து பன்னிரண்டை உருவினார், ஆறு போல்ட்டைக் கழற்றினார், மூடியை எடுத்துக் காட்டினார், திரும்ப மாட்டினார். பார்க்கச் சுவாரஸ்யமே இல்லை. யாரோ கொட்டாவி விட்டார்.

பிறகு எர்வின். வலது கையில் அரை அங்குலம், இடது கையில் பிளேடுத் துண்டு, வாயில் இன்னொன்று. ஒவ்வொரு போல்ட்டுக்கும் துண்டைச் செருகி, திருப்பி, உருவி, மறுபடி செருகி. வியர்வை மூக்கு நுனியிலிருந்து பம்பின் மேல் சொட்டியது. ஆனாலும் கழன்றன. ஆறும் கழன்றன. மூடியைத் தூக்கிச் சாக்கின் மேல் வைத்துவிட்டு எர்வின் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஓர் ஏகாதிபத்தியமே இருந்தது.

"ஜப்பான்காரன் இங்கிலீஷ் பேசுறான் பாரு காலின்."

"திக்கித் திக்கிப் பேசுறான்."

பெரில்தான் முதலில் பார்த்தார். தானியக் கிடங்குக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் திரி மேலே எழுந்து, காற்று பட்டதும் சாய்ந்து, விரிந்தது. தட்டைக் கீழே வைத்தார். "அது என்னோட பார்லி" என்றார், சாதாரணமாக.

நாற்காலிகள் விழுந்தன. ஆட்கள் தங்கள் வண்டிகளில் ஏறி, ஈரச் சாக்குகளோடு கிளம்பிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியோடு நிற்கிற பெரிய வண்டி மட்டும் நகர முடியவில்லை. அதன் பம்ப் மூடி சாக்கின் மேல் கிடந்தது. மூடி இறுக்கமாக உட்காராவிட்டால் பம்ப் காற்றைத்தான் குடிக்கும், தண்ணீரைக் குடிக்காது.

எர்வின் மூடியைப் பொருத்தி, போல்ட்டுகளை விரலால் ஓட்டிவிட்டு, பிளேடைச் செருகித் திருப்பினார். முதல் போல்ட் இறுகியது. இரண்டாவது இறுகியது. மூன்றாவதில் பிளேடு பட்டென்று ஒடிந்து தெறித்தது. பையிலிருந்து வேறொன்றை எடுத்தார். அதுவும், மிச்சமிருந்தவையும் ஒடிந்தன. பிளேடு இல்லாமலே அரை அங்குலத்தைப் போட்டு அழுத்தினார். ஸ்பேனர் வழுக்கியது, போல்ட்டின் ஒரு மூலை பளபளவென்று மழுங்கிவிட்டது.

காலின் பக்கத்திலேயே நின்றார். அவர் கையில் பன்னிரண்டு இருந்தது. நீட்டவில்லை. பந்தயம் என்றால் பந்தயம். கேட்காதவன் கையில் ஸ்பேனரைத் திணிப்பது எங்கள் ஊரில் அடுத்தவன் தட்டிலிருந்து சாப்ஸை எடுப்பதற்குச் சமம். எர்வினும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கழுத்தில் சாவி ஊசலாடி வண்டித் தகரத்தில் டிங் டிங் என்று மோதிக்கொண்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் அளவு பேசி முடிங்க" என்றார் பெரில். "நான் போயி லாமிங்டனை எறிஞ்சு அணைச்சுப் பார்க்கிறேன்."

டல்சி சாப்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு கணவரின் முதுகையே பார்த்தபடி நின்றார்.

எர்வின் அரை அங்குலத்தைத் தரையில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். தலையைத் தூக்காமல் வலது கையைப் பின்னால் நீட்டினார்.

"பன்னெண்டு" என்றார்.

ஸ்பேனர் கையில் வந்து விழுந்தது. மழுங்கிய மூலையையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு அது திரும்பியது. மிச்ச போல்ட்டுகளும் ஒவ்வொன்றாக இறுகின. எர்வின் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார், காலின் படியில் தொற்றிக்கொண்டார், பெரில் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு வேலிக் கதவு எந்தப் பக்கம் என்று கத்தினார்.

அறுவடை இயந்திரத்தில்தான் தீ பிடித்திருந்தது. ஆள் குதித்துத் தப்பிவிட்டான். வயலின் ஒரு மூலை போயிற்று. ஜப்பான் பம்ப் மூச்சு விடாமல் தண்ணீர் இறைத்தது. சாயங்காலத்துக்குள் கரிந்த தாளடிகளுக்கு நடுவே, புகை ஏறிய கண்களோடு எல்லோரும் நின்றார்கள். பெரில் மட்டும் நிற்கவில்லை. எரியாமல் தப்பித்த பார்லியின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கதிரைக் கையில் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

காலின் தொண்டையைச் செருமினார். "எர்வ்."

"என்ன."

"கேட்டியே."

"என்ன கேட்டேன்?"

"ஊர் முழுக்கக் கேட்டுச்சுய்யா. பன்னெண்டுன்னு."

எர்வின் முகத்தைச் சட்டையால் துடைத்தார். துடைத்ததில் கரி இன்னும் பரவியது. "பன்னெண்டுன்னு கேட்டேன். இல்லேன்னு சொல்லல. ஒரு அடிக்கு எத்தனை அங்குலம்?"

காலின் தொப்பியைக் கழற்றிச் சாம்பலைத் தட்டினார்.

"கேக்கிறேன்ல, பதில் சொல்லு. ஒரு அடிக்கு எத்தனை?"

"பன்னெண்டு."

"அப்புறம் என்ன. ஞாபகத்துக்கு ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். அந்த நேரத்துல நீ கையில இருந்ததைக் குடுத்தா அதுக்கு நானா பொறுப்பு?"

இந்த நாட்டில் இதைவிடப் பலவீனமான வாதங்களில் பல வழக்குகள் ஜெயித்திருக்கின்றன. ஆனாலும் காலின் நியாயமானவர். அங்கேயே, கரிந்த வயலிலேயே, நின்றுபோன வருஷக் கூட்டத்தைத் தொடர்வதாக அறிவித்தார். அவருடைய முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"எர்வின் நிட்ஷ்கே வாயிலேர்ந்து மில்லிமீட்டர்ங்கிற வார்த்தை வந்ததைக் கேட்டவங்க கையைத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. தொலைவில் ஒரு கை எழுந்தது. கண்ணில் விழுந்த சாம்பலைத் துடைக்கத்தான்.

"சரி. சாவி இருக்கிற இடத்துலேயே இருக்கட்டும். திங்கக்கிழமை காலைல நாற்பத்து மூணு டிகிரியில போயி அந்தக் கம்பத்தைக் குளிப்பாட்ட எனக்கு நேரமில்ல."

"நூத்துப் பத்து" என்றார் எர்வின்.

"போய்யா."

பச்சைக் கட்டு என்னாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அது வண்டியிலேயே ஒரு மூலையில் கிடந்தது. பன்னிரண்டின் பை மட்டும் காலியாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் டல்சி ஒரே ஒரு வார்த்தை பேசினாராம். "ஞாபகத்துக்கு ஒருதரமா?" எர்வின் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாராம்.

அடுத்த வாரம் முழுக்க, எர்வின் வெற்றியைப் பற்றி ஊர் அவரே சொல்லித்தான் கேட்டது. தபால் நிலையத்தில் சொன்னார், கிடங்கில் சொன்னார், சர்ச் வாசலில் பாதிரியாரையே நிறுத்திச் சொன்னார். கதையில் பிளேடு ஒடிந்த பகுதி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பிளேடே இல்லாமல் போயிற்று. ஆங்கிலேயனின் அங்குலம் ஜப்பான் பம்பை அடக்கி, பெரிலின் பார்லியைக் காப்பாற்றிய வரலாறாக அது நிலைபெற்றது. பெரில் கேட்டுவிட்டு, "ஆமாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு மூட்டை பார்லியை நிட்ஷ்கே வீட்டுக் கோழிகளுக்கு அனுப்பிவைத்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் கம்பங்கள் வழக்கம்போலக் குளித்தன. பிறகு எர்வின் கொட்டகைக்குள் போனார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. சுத்தியல் சத்தமும் இல்லை, நாயைத் திட்டுகிற சத்தமும் இல்லை. டல்சி டீயை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்.

எர்வின் முதுகைக் காட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். வலது பக்க வரிசையில், அரை அங்குலத்துக்கும் அதற்கு முந்தையதற்கும் நடுவே, இதுவரை இல்லாத ஓர் ஆணி. ஆணியில் ஒரு சின்ன ரிங் ஸ்பேனர். அதைச் சுற்றி ஈரச் சிவப்பில் புது உருவம். அவர் மெல்லிய பிரஷ்ஷால் கீழே எழுதிக்கொண்டிருந்தார். டல்சி கதவோரமே நின்றார்.

"அடுத்த தடவை நான் இல்லாதப்ப காலின் வந்து தேடினா..." என்றார் எர்வின், திரும்பாமலே.

டல்சி டீயை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

குல்லாய் வைத்த ஒன்று. வால் சுருண்ட இரண்டு. அதற்குப் பக்கத்தில், மற்ற எழுத்துகளைவிடச் சின்னதாக, ஆனால் தெளிவாக: மி.மீ.